எத்தனை குவளை தேநீர்?

கோலசிலாங்கூர்த் தோட்டங்களில் அன்று பால்மரம் சீவியவர்கள் விடியலிலிருந்து நடந்துகொண்டே இருந்தார்கள். இனிப்பான டின் பால் கலந்த தேநீர் அந்த உழைப்புக்குத் தெம்பு தந்தது. இன்று பேரப்பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்கிறார்கள். தேநீர் மட்டும் மாறவில்லை.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களுள் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டது. நாட்டின் அளவு 18.3 விழுக்காடுதான். இந்நோய் இரத்தக் குழாய்களைக் கெடுத்து மாரடைப்புக்கும் வழிவிடும். தொடக்கத்தில் வலியே தெரியாது.

ஆகவே, வீட்டில் ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்: எத்தனை குவளை தேநீர், எவ்வளவு நடை, எத்தனை சிகரெட். ஒரு மேசைக்கரண்டி டின் பாலிலேயே இரண்டு தேக்கரண்டிக்கு மேல் சீனி உண்டு. “இரண்டு குவளைதான் குடிக்கிறேன்,” என்பார் தாத்தா. எண்ணிப் பார்த்தால் நான்கு இருக்கும். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அவர் அந்தத் தாளையும் எடுத்துச் செல்லட்டும்.