பாடலும் வழக்கேடும் பாடமான துறை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சிக்கானோ, லத்தீனோ ஆய்வுகள் என வழங்கும் துறை, மெக்சிகோ வழிவந்த அமெரிக்கர்களையும், போர்ட்டோ ரிக்கோ, கியூபா, மத்திய அமெரிக்க நாடுகள் முதலியவற்றில் வேர்கொண்ட மக்களையும் பற்றி வரலாறு, இலக்கியம், சமூகவியல், சட்டம் ஆகிய பல துறைகளின் முறைகளைக் கொண்டு ஆராய்வதாகும். மெக்சிகோ வழி அமெரிக்க இளைஞர்கள் 1960களில் பெருமிதத்தோடு தமக்குச் சூடிக்கொண்ட பெயரே சிக்கானோ. ஆண், பெண் என்ற பகுப்பில் அடங்காதோரையும் சேர்த்துச் சொல்வதற்காக, அண்மைக் காலத்தில் சிக்கானெக்ஸ், லத்தீனெக்ஸ் என்ற வடிவங்களைப் பல துறைகள் மேற்கொண்டுள்ளன.

இம்மக்கள் எல்லோரும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் என்ற பொது எண்ணத்தை இத்துறையின் முதல் பாடமே மறுக்கிறது. 1848ஆம் ஆண்டின் குவாடலூப்பே ஹிடால்கோ உடன்படிக்கையால் மெக்சிகோ தன் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை அமெரிக்காவிடம் இழந்தபோது, அங்கே வாழ்ந்துவந்த குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, அவர்கள் தலைக்குமேல் நாடு மாறிப்போயிற்று. குடியுரிமையும் நிலவுரிமையும் காக்கப்படும் என்று எழுத்தில் வாக்களிக்கப்பட்டிருந்தும், பின்வந்த பத்தாண்டுகளில் பலர் தம் நிலங்களை இழந்தனர்.

இவ்வரலாற்றைத் தம் பாடநூல்களில் காணாத மாணவர்களே இத்துறையைப் போராடிப் பெற்றனர். 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் உயர்நிலைப் பள்ளிகளின் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்து வெளியேறி, தம் மக்களின் வரலாறும் மொழியும் கற்பிக்கப்பட வேண்டும் என்று கோரினர். அடுத்த ஆண்டு சான்டா பார்பராவில் கூடிய மாணவர்களும் ஆசிரியர்களும் உயர்கல்விக்கென ஒரு திட்டத்தை வகுத்தனர். பல்கலைக்கழகம் தன்னைச் சூழ்ந்துள்ள எளிய மக்களுக்குக் கடமைப்பட்டது என்பதே அதன் சாரம்; அந்தக் கடமையுணர்வே இத்துறைக்கு இன்றளவும் உயிர்நாடி.

ஆய்வுமுறையில் இத்துறைக்கு வழிவகுத்த முன்னோடி அமெரிக்கோ பரேதஸ். டெக்சஸ் எல்லைப்பகுதியில் பிறந்து, ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இவர், கொரிடோ எனப்படும் எல்லைப்புறக் கதைப்பாடல்களைத் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். 1901இல் மொழி தெரியாத குழப்பத்தில் மூண்ட தகராறில் ஷெரீஃப் என்னும் காவல் அதிகாரி ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, பெரும்படை துரத்தத் தப்பியோடிய கிரகோரியோ கோர்ட்டஸ் என்ற பண்ணைத் தொழிலாளியை, அன்றைய அதிகார வரலாறு குற்றவாளியாகக் கண்டது. மக்கள் பாட்டோ அவனைத் தன் உரிமை காக்கத் துப்பாக்கி ஏந்திய வீரனாகப் போற்றியது. டெக்சஸ் ரேஞ்சர்கள் என்னும் காவற்படையினரை வீரர்களாகவே புகழ்ந்துவந்த ஏடுகளுக்கு எதிரே, அவர்களால் துன்புற்ற மக்களின் நினைவைப் பாடல்களின் வழி வைத்துக் காட்டிய பரேதஸின் நூல் 1958இல் வெளிவந்தது. நாட்டார் பாடலும் வரலாற்றுச் சான்றாகும் என்று நிறுவியது அந்நூலின் பெருஞ்சாதனை.

சிக்கானோ இயக்கத்துக்குள்ளேயே பெண்களின் குரல் அமுக்கப்படுவதை அடுத்த தலைமுறைப் பெண் அறிஞர்கள் எடுத்துரைத்தனர். செர்ரி மொராகாவும் குளோரியா அன்சால்டுவாவும் தொகுத்து 1981இல் வெளிவந்த நூலும், எல்லைநிலம் பற்றி அன்சால்டுவா 1987இல் எழுதிய நூலும், இனம், பால், வர்க்கம் ஆகியவற்றைப் பிரித்துப் பார்க்க இயலாது என்ற கருத்தைத் துறையின் நடுவே நிறுத்தின. அக்கருத்தின் பொருளை ஒரு வழக்கு துலக்கமாகக் காட்டுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டப் பொது மருத்துவமனையில், பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்த நிலையில், தமக்குப் புரியாத ஆங்கிலப் படிவங்களில் கையெழுத்து வாங்கிக் கருத்தடை அறுவை செய்யப்பட்டதாக மெக்சிகோ வழிப் பெண்கள் பதின்மர் வழக்குத் தொடுத்தனர். 1978இல் தீர்ப்பு மருத்துவர்கள் பக்கமே அமைந்தது. எனினும், அப்போராட்டத்தின் விளைவாக ஸ்பானிய மொழிப் படிவங்களும், ஒப்புதலுக்கும் அறுவைக்கும் இடையே காத்திருப்புக் காலமும் நடைமுறைக்கு வந்தன. பின்வந்த ஆய்வாளர்கள் வழக்கேடுகளைப் புரட்டியும், அப்பெண்களை நேரில் கண்டு அவர்கள் வாய்மொழியைப் பதிவு செய்தும், நீதிமன்றம் செவிகொடுக்காத துயரத்தை வரலாற்றில் ஏற்றினர். 2018இல் மாவட்ட நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது.

வகுப்பறையும் இம்முறையிலேயே இயங்குகிறது. மாணவர்கள் தம் பாட்டன் பாட்டியரின் இடப்பெயர்வுக் கதைகளைப் பதிவு செய்கின்றனர். பண்ணைத் தொழிலாளர் சங்கங்களின் ஆவணங்களையும் சுவரோவியங்களையும் பயில்கின்றனர். எதிர்ப்பும் இல்லாமலில்லை. அரிசோனா மாநிலத்தின் டூசான் பள்ளிகளில் நடந்துவந்த மெக்சிகன் அமெரிக்க ஆய்வுப் பாடத்திட்டம், 2010இல் இயற்றப்பட்ட சட்டத்தின் அழுத்தத்தால் 2012இல் நிறுத்தப்பட்டது. ஆனால், அப்பாடங்களைப் பயின்ற மாணவர்கள் பள்ளிப்படிப்பை நிறைவு செய்யும் வாய்ப்பு மிகுதி என்பதை அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இனப் பகைமையோடு அச்சட்டம் இயற்றப்பட்டுச் செயற்படுத்தப்பட்டது என்று 2017இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020இல் கலிஃபோர்னியா இயற்றிய சட்டமோ, அம்மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இளநிலைப் பட்டம் பெறுவோர் லத்தீனோ ஆய்வு உள்ளிட்ட நான்கு இனவியல் துறைகளுள் ஒன்றில் ஒரு பாடமேனும் பயில வேண்டும் என்று விதித்தது.