நோட்டு இருக்கிற வகுப்பைத் தேடுங்கள்

சென்னையில் இப்போது ஜிம் இல்லாத வட்டாரமே இல்லை. வேளச்சேரி, அண்ணா நகர், ஓ.எம்.ஆர் பக்கமெல்லாம் ஒரே சாலையில் மூன்று நான்கு போர்டுகள் தொங்குகின்றன. ஆனால் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண், முறையாக எடை தூக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், கூட நாலு பேர் இருந்தால் நல்லது, கட்டணமும் கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும் என்று கிளம்பினால் நிறைய அலைய வேண்டியிருக்கிறது. நான் அப்படி அலைந்து, கே.கே. நகரில் ஒரு வகுப்பில் சேர்ந்து, இன்றும் போய்க்கொண்டிருப்பவள். அலைந்ததில் தெரிந்துகொண்டது இன்னும் சிலருக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

"தினமும் வாக்கிங் போறேனே, அது போதாதா?" என்று என் அலுவலகத் தோழிகள் கேட்பார்கள். வாக்கிங் இதயத்துக்கும் மனசுக்கும் நல்லது, விட்டுவிடாதீர்கள். தசையின் கதை வேறு. வயது ஏற ஏற, வேலை கொடுக்காத தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பெர்க் 1989-ல் இதற்கு 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பும் சேர்ந்து மெலிகிறது. தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை, பஸ் படி ஏறும்போது கம்பியைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் இதன் அடையாளங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்போடு, உடம்பின் பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வலுவூட்டும் பயிற்சி இரண்டு நாளாவது வேண்டும் என்கிறது. நம்மில் பலர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறோம்.

இனிமேல் என்ன ஆகப்போகிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1990-ல் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் பாஸ்டன் நகர முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுடைய கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறில் முடிந்தது ஐம்பத்தைந்தில் முடியாதா?

எடை தூக்கினால் கை ஆம்பளைக் கை மாதிரி ஆகிவிடும் என்ற பயத்தையும் விட்டுவிடலாம். ஆண்களுக்குத் தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் நம் உடம்பில் மிகக் குறைவு. 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கான பளுதூக்குதல் முதல்முறையாக இடம்பெற்றது. அந்த ஆண்டே பக்கத்து மாநிலத்துக் கர்ணம் மல்லேஸ்வரி வெண்கலம் வாங்கி வந்தார். இங்கே வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014-லும் 2018-லும் காமன்வெல்த் தங்கம் வென்றபோது கொண்டாடிய நாம், வீட்டுப் பெண்கள் பத்துக் கிலோ தூக்கினால் பதறுகிறோம்.

சரி, எங்கே சேர்வது? போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நம்பாதீர்கள். 'ஸ்ட்ரெங்த்' என்று போட்டுவிட்டு உள்ளே ஸும்பா நடத்துகிற இடம் உண்டு. 'பூட்கேம்ப்' என்று போட்டுவிட்டு அழகாக எடை கற்றுக்கொடுக்கிற இடமும் உண்டு. வகுப்பு நடக்கும் நேரத்தில் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஒரு செட் முடித்த பிறகு மூச்சு திரும்பும்வரை ஓய்வு கொடுக்கிறார்களா? நல்ல எடையை எட்டுப் பத்து முறை தூக்கினால் ஒன்றிரண்டு நிமிடமாவது ஓய்வு வேண்டும். ஓய்வே இல்லாமல் முக்கால் மணி நேரம் ஓட விட்டால் வியர்வை கொட்டும், திருப்தியாகவும் இருக்கும். ஆனால் அது நெஞ்சுக்கான பயிற்சி. வலிமைக்கான பயிற்சி இல்லை.

நான் போய்ப் பார்த்த ஓர் இடத்தில் காது கிழியும் பாட்டு, ஒரே ஒரு மாஸ்டர், எதிரே முப்பது பேருக்கு மேல். கல்லூரிப் பையனுக்கும் எனக்கும் ஒரே எடை டம்பெல். எனக்கு முழங்கால் வலி இருக்கிறது என்றேன். "போகப் போகச் சரியாகிடும் மேடம், குதிங்க" என்றார். அன்றைக்கே திரும்பி வந்துவிட்டேன். முதல் நாளிலேயே வரம்பு மீறிச் செய்ய வைத்தால் தசை நார்கள் சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம். பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அதே முழங்கால் கேள்வியை கே.கே. நகர் கோச்சிடமும் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "இதுல உக்காந்து எந்திரிங்கக்கா, பாக்கலாம்." எழுந்தபோது என் முழங்கால்கள் இரண்டும் உள்பக்கம் சாய்ந்ததைக் கவனித்தவர், ஸ்டூல் மேல் ஒரு தடித்த மெத்தையைப் போட்டு உயரத்தைக் கூட்டி, முழங்காலைக் கால் விரல் பார்க்கும் திசையிலேயே வைத்து எழச் சொன்னார். வலிக்கவில்லை. அன்றைக்கு அவ்வளவுதான் பயிற்சி. அந்த மெத்தையை எடுக்கப் பல வாரம் ஆனது.

குனிந்து தூக்குவதை அவர் கற்றுக்கொடுக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். பிளம்பர் பயன்படுத்தும் பி.வி.சி. குழாய் ஒன்றை முதுகோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். பின்மண்டை, மேல்முதுகு, இடுப்புக்குக் கீழே வால் எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் குழாய் ஒட்டியிருக்க வேண்டும். அப்படியே முழங்காலை லேசாக மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும். ஓர் இடத்தில் குழாய் விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். முதலிலிருந்து செய்ய வேண்டும். குழாய் விலகாமல் குனிய வந்த பிறகுதான் கையில் எடை. வீட்டு காஸ் சிலிண்டரை நகர்த்தும்போதும், 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கும்போதும் என் உடம்பு இப்போது தானாகவே அப்படித்தான் குனிகிறது.

எங்கள் பேட்ச்சில் எட்டுப் பேர். எல்லோரும் ஒரே பயிற்சியைத்தான் செய்கிறோம். எடை மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் அறுபது கிலோ பாரைத் தூக்கும்போது, பக்கத்தில் எழுபது வயது மாமி எட்டுக் கிலோ கெட்டில்பெல்லைத் தூக்குகிறார். இது எப்படி நடக்கிறது என்றால், சுவரோரம் இருக்கும் அலமாரியில் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு இருக்கிறது. தேதி, பயிற்சி, எடை, எத்தனை முறை, கடைசியில் "இடது தோள் வலி" மாதிரி ஒரு குறிப்பு. வந்தவுடன் போன வாரத்துப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் கோச் எடை சொல்வார். 1940-களில் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர், காயம்பட்ட சிப்பாய்களுக்குப் படிப்படியாக எடையைக் கூட்டிக் கால்களைத் தேற்றிய காலத்திலிருந்து இந்தத் துறையின் அடிப்படை இதுதான்: நேற்றைய அளவு தெரிந்தால்தான் இன்றைக்குக் கொஞ்சம் கூட்ட முடியும். நோட்டோ போனில் ஒரு ஆப்போ, ஏதோ ஒன்று இருக்கட்டும். எதுவுமே இல்லாத இடத்தில் ஒரு வருஷம் போனாலும் அதே மூன்று கிலோ டம்பெல்லோடுதான் நிற்பீர்கள்.

கூட்டும் அளவும் சிறிதாக இருக்க வேண்டும். வழக்கமான பார் மட்டுமே 20 கிலோ. பெண்களுக்கான பார் 15 கிலோ. அதையும் தூக்க முடியாதவர்களுக்கு இன்னும் லேசான பார் இருக்கிறதா, 1.25 கிலோ பிளேட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரிய பிளேட்டுகளை மட்டும் அடுக்கி வைத்திருக்கும் இடம் நம்மை மனதில் வைத்து உருவானது இல்லை.

குழுவாகச் செய்வதில் எனக்கு மிகப் பெரிய லாபம், கட்டணம் பர்சனல் ட்ரெய்னருக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைவு என்பது இல்லை. இரண்டு நாள் வராவிட்டால் மாமி போன் பண்ணி "என்னடி, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகவே மழை நாளிலும் போயிருக்கிறேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ பதினைந்து நிமிடத்துக்குள் போகக்கூடிய இடமாக இருக்கட்டும். நம் ஊர் டிராஃபிக்கில் அதற்கு மேல் என்றால் இரண்டே மாதத்தில் விட்டுவிடுவோம். சேர்ந்த அன்றே புரோட்டீன் பவுடர் வாங்கச் சொன்னால் அவசரப்படாதீர்கள். ஐ.சி.எம்.ஆர். 2020-ல் சொன்ன அன்றாடப் புரதத் தேவை, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். எடை தூக்குபவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். பருப்பு, சுண்டல், முட்டை, தயிர், மீன் என்று சாப்பாட்டிலேயே அதில் பெரும்பகுதியைக் கொண்டுவரலாம்.

பி.பி., சர்க்கரை, இதய நோய், எலும்புத் தேய்மானம் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள். கோச்சிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். "வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி, இன்றைக்கு மட்டும்தான்" என்று யார் சொன்னாலும் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். அந்த மாதக் கடைசியில், நீங்கள் முதல் நாள் தூக்கிய எடை எவ்வளவு என்று அவர்களிடம் கேளுங்கள். பார்த்துச் சொல்ல முடியாதவர்களிடம் இரண்டாவது மாதக் கட்டணத்தைக் கொடுக்காதீர்கள்.