காகிதத்துக்கும் டாலர் வேண்டும்

2022 மார்ச் மாதம். செந்தூலில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் நான் எஸ்பிஎம் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள தன் தங்கையிடம் தொலைபேசியில் பேசி முடித்த அம்மம்மா, "அங்கை பிள்ளையளுக்குப் பரீட்சை எழுதப் பேப்பர் இல்லையாம்" என்றார். நான் நம்பவில்லை. பிறகு செய்தியைப் பார்த்தேன். காகிதத் தட்டுப்பாட்டால் இலங்கையின் மேல் மாகாணத்தில் தவணைத் தேர்வுகள் ஒத்திவைக்கப்பட்டிருந்தன. பத்தாம் வகுப்பில் படித்த என் உறவுத் தங்கையின் தேர்வும் அதில் அடங்கும்.

இன்று பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கும்போதுதான் அதன் காரணம் எனக்குப் புரிகிறது.

தேயிலையும் ஆடைகளும் இலங்கையின் முக்கிய ஏற்றுமதிகள். எரிபொருள், மருந்து, கோதுமை, காகிதம் போன்றவற்றை அது வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. 2021இல் ஏற்றுமதி ஏறக்குறைய 1,250 கோடி அமெரிக்க டாலர். இறக்குமதி 2,060 கோடி. இடைவெளி 810 கோடி. இதுவே வர்த்தகப் பற்றாக்குறை.

இந்தப் பற்றாக்குறை புதிதல்ல. சுற்றுப்பயணிகளும் வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணமும் அதன் பெரும்பகுதியை ஈடுகட்டின. மீதிக்குக் கடன் வாங்கப்பட்டது. 2019 ஈஸ்டர் தாக்குதலும் அடுத்து வந்த கோவிட் தொற்றும் சுற்றுலாவை முடக்கின. 2020இல் 710 கோடி டாலராக இருந்த வெளிநாட்டுப் பணம் 2021இல் 550 கோடியாகக் குறைந்தது.

அந்தக் குறைவில் எங்கள் வீட்டுக்கும் சிறு பங்குண்டு. அப்போது வங்கியில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 200 ரூபாய் என்று பிடித்து வைத்திருந்தார்கள். வெளியே அதைவிட அதிகம் கிடைத்தது. "வங்கியை விட இவன் கூடத் தாறான் பிள்ளை" என்று அம்மம்மா உண்டியல் மூலம் பணம் அனுப்பினார். இங்கே கொடுத்த வெள்ளி இங்கேயே நின்றது. அங்கே தங்கையின் கையில் ரூபாய் சேர்ந்தது. இலங்கை வங்கிக்கு ஒரு டாலர்கூடப் போகவில்லை.

இறக்குமதியைக் குறைத்தால் போதாதா? அதையும் செய்து பார்த்தார்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. இயற்கை வேளாண்மை என்று சொல்லப்பட்டாலும் டாலரை மிச்சப்படுத்தும் கணக்கும் அதில் இருந்தது. நெல் விளைச்சல் சரிந்து, அரிசியை வாங்க வேண்டியதாயிற்று. சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடியாக இறங்கியது. 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது.

மாணவர்களே, இனி ஒரு கேள்வி. 2022இல் இலங்கையின் பற்றாக்குறை 520 கோடி டாலராகக் குறைந்தது. இது முன்னேற்றமா? எண்ணை மட்டும் பார்த்தால் 'ஆம்' என்றுதான் எழுதியிருப்பேன். ஆனால், வாங்கக் காசில்லாததாலும் இறக்குமதி குறையும். எரிபொருள் வரிசையும் தேர்வுத்தாள் இல்லாத வகுப்பறையும் அந்த 520 கோடிக்குள் இருக்கின்றன.

1998 முதல் ஆண்டுதோறும் வர்த்தக உபரி காணும் மலேசியாவில் வாழும் நமக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றலாம். உபரியோ பற்றாக்குறையோ, அந்த எண் எப்படி வந்தது என்று கேட்கப் பழகுவோம்.

அம்மம்மா இப்போது வங்கி வழியாகத்தான் பணம் அனுப்புகிறார். படிவத்தை நிரப்பிக் கொடுப்பது என் வேலை.