உங்களுக்குத் தெரியுமா? பித்தம் இறங்கினால் மலத்தின் நிறம் மாறும்

பித்தநாள அடைப்பு என்னும் பச்சிளங்குழந்தை நோயில், கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் குடலுக்கு இறங்க வழியின்றித் தேங்கிக் கல்லீரலையே தழும்பாக்குகிறது. பிறந்து இரண்டு வாரம் கடந்தும் நீடிக்கும் மஞ்சள் காமாலையும் சுண்ணாம்புபோல் வெளுத்த மலமும் இதன் அடையாளங்கள். காலை வெயிலில் காட்டினால் போதும் என்று காத்திருப்பதில்தான் முக்கியமான நாட்கள் வீணாகின்றன.

ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் வகுத்த முறையில், சிதைந்த நாளத்தை அகற்றிவிட்டுச் சிறுகுடலின் ஒரு பகுதியைக் கல்லீரல் வாயிலோடு நேரடியாகத் தைக்கிறார்கள். 60 நாளுக்குள் செய்தால் பலன் கூடுதல். மலம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது பித்தம் இறங்குவதன் முதல் தடயம். சில மாதங்களில் ரத்தத்தில் பிலிரூபின் டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் கல்லீரல் தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு வலுக்கிறது. காய்ச்சல் வந்தால் பித்தநாளத் தொற்றா என்று உடனே பார்க்க வேண்டும். கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களைத் தனியே கொடுப்பதும் அவசியம்.

பித்தம் இறங்கியும் பலருக்குப் பின்னாளில் கல்லீரல் மாற்று தேவைப்படுகிறது. இந்தியாவில் வெற்றிபெற்ற முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று, காஞ்சிபுரத்துப் பிள்ளைக்கு நடந்தது: 1998 நவம்பரில், டெல்லி அப்போலோவில், இரண்டு வயது நிரம்பாத சஞ்சய் கந்தசாமிக்கு அவருடைய தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதி பொருத்தப்பட்டது. சஞ்சய் பின்னர் மருத்துவரானார்.