கழுவிக் கழுவி வரைந்த ஓவியர்!

சென்னை, ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பக்கத்துப் பேட்டையான மயிலாப்பூர், நடுத்தெருவில் வாழ்ந்தவர் எஸ்.ராஜம் (1919–2010). சங்கீத மும்மூர்த்திகள் படம் தீட்டியவர் என்றால் சட்டென்று புரியும்.

ஓவியப் பள்ளியில் மேல்நாட்டுப் பாணி படித்தார். அஜந்தா சுவர்ச் சித்திரங்களைப் பார்த்தார். அவ்வளவுதான்! ஒளி-நிழல் வித்தையை ஓரங்கட்டிவிட்டுக் கோட்டைப் பிடித்துக்கொண்டார்.

கையில் எடுத்தது நீர்வண்ணம். 'வாஷ்' முறை என்பார்கள். வண்ணம் பூசி, காயவிட்டு, படத்தைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். ஒட்டாத சாயம் போய்விடும், ஊறினது நிற்கும். மறுபடி பூச்சு, மறுபடி தண்ணீர்!

ஆயில் பெயிண்டில் தப்பு வந்தால் மேலே இன்னொரு பூச்சு போட்டு மறைக்கலாம். இதில் அந்தப் பாச்சா பலிக்காது. கழுவல் கொஞ்சம் கூடினால் படமே போச்சு!

மனிதர் பாடகரும்கூட, வானொலியில் சங்கீத உத்தியோகம். ஏழு சுரங்களுக்கும் தேவதை உருவம் தீட்டினார்.