கமெராவுக்குப் பின்னால் ஒரு பெண்

எண்பதுகளில் டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்து, ஊர் கூடி விடிய விடியப் படம் பார்த்த யாழ்ப்பாண நேயர்களுக்கு பாக்யராஜின் 'சின்ன வீடு' நினைவிருக்கும். 1985இல் வந்த அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் ஒரு பெண் என்பதைக் கவனித்திருப்பீர்களா? அவர் பி. ஆர். விஜயலட்சுமி. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' எடுத்த பி. ஆர். பந்துலுவின் மகள். ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்து தொழில் பழகியவர். ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்றே அவரைச் சொல்வார்கள்.

பெண் ஒளிப்பதிவாளர் ஒருவருக்கு அரச விருது வர இன்னும் காலம் எடுத்தது. 2009ஆம் ஆண்டுப் படங்களுக்கான இந்திய தேசிய விருதுகளில், மம்முட்டி நடித்த 'குட்டி ஸ்ராங்க்' மலையாளப் படத்துக்காகச் சிறந்த ஒளிப்பதிவாளர் ஆனார் அஞ்சுலி சுக்லா. அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அதுவும், தனித்து ஒளிப்பதிவு செய்த முதல் படத்திலேயே!

ஒஸ்காரை மட்டும் பெரிதாக நினைக்க வேண்டாம். 1929இல் தொடங்கிய அந்த விருதின் ஒளிப்பதிவுப் பரிந்துரைப் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர் முதன்முதலில் இடம்பெற்றது 2018இல்தான். 'மட்பவுண்ட்' படத்துக்காக, ரேச்சல் மொரிசன்.