நாட்டுப்புற வைத்தியரும் புற்றுநோயாளியின் வலியும்

புற்றுநோய் முற்றிய நிலையில், "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிற்கு அழைத்துச் செல்லுங்கள்" என்ற சொல்லோடு பட்டணத்து ஆஸ்பத்திரியிலிருந்து கிராமத்திற்குத் திரும்புவோர் நம் நாட்டில் அநேகர். நோயை நீக்க வழியில்லை என்பது வேறு. நோயாளிக்குச் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்பது வேறு. அவருடைய எஞ்சிய நாட்கள் எவ்வாறு கழியும் என்பது, அவ்வூர்க் குடும்ப வைத்தியர் சில விஷயங்களை அறிந்திருக்கின்றாரா என்பதையே பெரிதும் பொறுத்ததாகும். அவற்றை ஈண்டு எடுத்துரைப்போம்.

முதலாவது வலி. இந்நோயின் வலி பெரும்பாலும் இரவும் பகலும் உடனிருப்பது. ஆதலின் அது மிஞ்சியபின் மருந்து தேடுவது பயன்படாது. உலக சுகாதார ஸ்தாபனத்தார் 1986-ல் வெளியிட்ட முறை மூன்று படிகளுடையது. முதலிற் பாராசிட்டமால் போன்றவை. அவை போதாவிடில் கோடீன் போன்றவை. அவையும் போதாவிடில் மார்பின். கூடுமானவரை ஊசியாக அன்று, வாய்வழியே. நோயாளி கதறும்போது அன்று, கடிகாரத்தைப் பார்த்து. சாதாரண மார்பின் மாத்திரையின் வேகம் ஏறக்குறைய நான்கு மணி நேரமே நிற்குமாதலின், நான்கு மணிக்கொருமுறை கொடுப்பர். படுக்கும்போது இரட்டை அளவு கொடுத்தால் நள்ளிரவில் எழுப்ப வேண்டியதில்லை. சிற்றளவில் தொடங்கி, வலி அடங்கும்வரை படிப்படியாக உயர்த்துவர். முதற் சில நாட்களில் தோன்றும் அயர்வும் குமட்டலும் பெரும்பாலும் தாமே நீங்கும்; மலச்சிக்கல் மட்டும் நீங்காது. ஆதலின் மார்பின் எழுதும் கையே மலமிளக்கியையும் உடன் எழுதவேண்டும்.

அபினிலிருந்து எடுப்பது என்று அறிந்ததும் வீட்டார் அஞ்சுவர். வைத்தியருள்ளும் அஞ்சுவோர் பலர். அடிமைப் பழக்கம் உண்டாகும், மூச்சு அடங்கிவிடும் என்பன அவ்வச்சங்கள். வலிக்கேற்ப அளந்து கொடுக்குமிடத்து இவ்விரண்டும் அரிதாகவே நேர்கின்றன.

இவ்வச்சம் சட்டத்திலும் புகுந்தது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டத்திற்குப் பின், மார்பின் வைத்திருக்கப் பல இலாகாக்களின் உரிமைச்சீட்டு வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிகள் பல அதனைக் கைவிட்டன. மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானத்திலும் சர்க்கார் அனுமதியோடு அபின் பயிராகும் இந்நாட்டில், அதன் சத்து நம் நோயாளிக்கு எட்டாமற் போனது விந்தையே! 2014-ல் அச்சட்டம் திருத்தப்பட்டது. இப்பொழுது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் போதும். ஆயின் அந்நிலையத்தில் தணிப்புச் சிகிச்சையிற் பயிற்சி பெற்ற வைத்தியர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். ஆகவே இன்று தடையாய் நிற்பது சட்டத்தினும் பயிற்சியின்மையே என்பது நம் கருத்து.

அப்பயிற்சி எளிதிற் பரவக்கூடியதே என்பதற்குக் கேரளம் சான்று. கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் 1993-ல் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் தணிப்புச் சிகிச்சைச் சங்கமொன்றைத் தொடங்கினர். வந்துபோகவும் வலுவற்ற நோயாளிகளின் பொருட்டு, பின்னர் மலப்புறம் முதலிய இடங்களில் ஊராரையே பழக்கி, அவர்களோடு செவிலியரும் வைத்தியரும் வீடுதேடிச் செல்லும் ஏற்பாடு வளர்ந்தது. 2008-ல் கேரள சர்க்கார் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

வலிக்கு அடுத்தது புண். வாய்ப்புற்றும் மார்பகப் புற்றும் வெளிப்பட்டு அழுகுங்கால் எழும் நாற்றத்தால், நோயாளியைத் திண்ணையிலோ கொட்டகையிலோ ஒதுக்கிவிடும் வீடுகளும் உண்டு. மெட்ரோனிடஸோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினால் அந்நாற்றம் சில நாட்களிற் குறையும். பாட்டியின் அருகிற் பேரக்குழந்தை மீண்டும் வந்து உட்காருவதற்கு இவ்வளவே வேண்டியிருக்கலாம்.

நோயின் பெயரை மறைக்கும்படி வீட்டார் வைத்தியரைத் தனியே வேண்டுவர்; நோயாளியோ தனித்திருக்கும்போது அதனையே வினவுவார். பட்டணத்து நிபுணருக்கு இதற்கு நேரமில்லை. அவ்வீட்டிற் பிரசவமும் காய்ச்சலும் பார்த்துப் பழகியவர், நோயாளி எவ்வளவு அறிய விரும்புகின்றார் என்று முதலிற் கேட்டறிந்து, அவ்வளவே சொல்வார். மரணத்திற்குப் பின்னும் அவர் ஒருமுறை அவ்வீட்டிற்குச் செல்வது நன்று. எஞ்சிய மார்பின் மாத்திரைகளைத் திரும்பப் பெற்றுக் கணக்கிற் சேர்க்க வேண்டும். மாதக்கணக்காகக் கண்விழித்த மனைவியோ மகளோ எப்படி இருக்கின்றார் என்பதையும் அப்போது பார்த்துவரலாம்.